உசிலை இலையும் உருகிய சுருளும்

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் சாலையின் இருபுறமும் வறண்ட காடு. அந்தக் காட்டில் அடிக்கடி கண்ணில் படும் மரம் உசிலை. கரடுமுரடான நிலத்திலும் பொடிப்பொடியான இலைகளோடு நின்று தாக்குப்பிடிக்கும். அந்த இலையைப் பறித்து நிழலில் காயவைத்து, இடித்துச் சலித்தால் அரப்பு. கொங்கு நாட்டிலும் சேலம், தருமபுரிப் பக்கமும் ஷாம்பு பாக்கெட் வருவதற்கு முன்பு தலைமுறை தலைமுறையாகத் தலைக்குத் தேய்த்தது இதைத்தான். நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது.

அரப்பை இப்போது எடுத்துப் பேசக் காரணம் ஸ்ட்ரெயிட்னர். கல்யாணம், கல்லூரி விழா, வேலைக்கான நேர்காணல் என்று ஒவ்வொன்றுக்கும் முடியைச் சூடான தகடுகளுக்கு நடுவே இழுத்துவிட்டு, ஒருநாள் பார்த்தால் பிறவியிலேயே வந்த சுருள் திரும்பவில்லை என்று தவிக்கும் பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். "பாட்டி வைத்தியம் ஏதாவது இருக்கா?" என்பதுதான் அவர்கள் கேட்பது. இருக்கிறது. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முடியின் உள்ளே போய்ப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் ஒரு சோதனை. சீவும்போது உதிர்ந்த நீளமான முடி ஒன்றை, அகலமான வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி மிதக்க விடுங்கள். இரண்டு நிமிடம் காத்திருங்கள். வேர்ப் பக்கம், அண்மையில் வளர்ந்த பகுதி, மெல்ல வளைந்து தன் சுருளுக்குத் திரும்பும். நுனிப் பக்கமும் அப்படியே வளைந்தால் கவலை இல்லை. அது தற்காலிகமாக நிமிர்ந்திருந்த முடி. நுனி மட்டும் அசையாமல் நேராகவே கிடந்தால் அங்கே நிரந்தரமாக ஏதோ உடைந்திருக்கிறது.

முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் இழைகள் படிக்கட்டுச் சுழல் வடிவில் முறுக்கிக்கொண்டு கிடக்கின்றன. அவற்றைப் பிணைத்துப் பிடிப்பவை முக்கியமாக இரண்டு வகைக் கட்டுகள். ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டாலே, இளஞ்சூடு பட்டாலே அவிழும்; காய்ந்ததும் மறுபடி கட்டிக்கொள்ளும். ஈரத்தலையைப் பின்னிப் போட்டுக் காலையில் அவிழ்த்தால் அலை அலையாக நிற்பதும், மழைக்காற்றில் அது கலைவதும் இதனால்தான். மற்றொன்று கந்தக அணுக்கள் இரண்டு கைகோத்து நிற்கும் டைசல்பைடு பிணைப்பு. சுருட்டை முடி காலமெல்லாம் சுருட்டையாகவே இருப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஸ்ட்ரெயிட்னர் தகடுகள் 230 டிகிரி செல்சியஸ் வரை சூடேறக்கூடியவை. உலர்ந்த முடியின் கெரட்டின் சுழல்கள் உருகிக் குலைவதும் ஏறத்தாழ அந்த வெப்பத்தில்தான். முடி நனைந்திருந்தால் 150 டிகிரியை ஒட்டியே குலைந்துவிடும். அதைவிடக் கொடுமை, ஈர முடியில் சூட்டுக் கம்பி பட்டால் உள்ளே சிக்கிய நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி இழைக்குள்ளேயே குமிழி விடுகிறது. நுண்ணோக்கியில் அந்த முடியைப் பார்த்தால் உள்ளெங்கும் காலிக் குழிகள். மருத்துவ நூல்களில் இதற்குக் குமிழி முடி என்றே பெயர். அந்த இடத்தில் முடி பட்டென்று ஒடியும்.

தோலைத் தாண்டி வெளியே வந்த முடியில் உயிரணு எதுவும் உயிரோடு இல்லை. இரத்தம் கிடையாது, நரம்பு கிடையாது, தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் வழியும் கிடையாது. குலைந்த கெரட்டினை வெந்தயமோ கற்றாழையோ மறுபடி சுழலாக முறுக்கிவிடாது. இதைச் சொல்லாமல் வைத்தியம் சொல்வது நம்பி வருகிறவர்களுக்குச் செய்யும் துரோகம். வீட்டுப் பொருள்களால் முடிவது மூன்று: உராய்வைக் குறைப்பது, நீரை உறிஞ்சி முடி அளவுக்கு மீறி உப்புவதைத் தடுப்பது, மேலே படியும் உப்பையும் அழுக்கையும் முடியை மேலும் நோகடிக்காமல் எடுப்பது. இந்த மூன்றும் சின்ன விஷயங்கள் அல்ல. புது முடி வளர்ந்து வரும்வரை பழைய முடி ஒடியாமல் நிற்பது இவற்றை நம்பித்தான்.

தருமபுரியில் மூன்றாவதுதான் பெரும்பாடு. பாறை நிலத்துக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் பல இடங்களில் உப்புத் தண்ணிதான். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பாதித்ததால்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. முடிக்கு எதிரி ஃபுளோரைடு அல்ல. உப்புத் தண்ணியில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். சோப்பு இவற்றோடு சேர்ந்தால் நுரைக்காது. கரையாத வெண்பிசுக்காகத் திரிந்து முடியில் ஒட்டும். முடியின் மேல்தோல் நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போல ஒன்றின்மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியது. சூடு பட்ட முடியில் அந்தச் செதில்கள் விளிம்பு தூக்கி நிற்கும். பிசுக்கு அங்கே போய் அடைந்துகொண்டால் தலை வாரும் ஒவ்வொரு முறையும் சிக்கும், முறிவும்.

இங்கேதான் உசிலையின் அருமை தெரிகிறது. அதன் இலையில் சபோனின் என்ற நுரைப்பொருள் இருக்கிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ளதும் அதே வகைதான். சபோனின் மூலக்கூறின் ஒரு பக்கம் எண்ணெயைப் பிடிக்கும், மறுபக்கம் தண்ணீரைப் பிடிக்கும். சோப்பைப் போல அது கால்சியத்தோடு கூடித் திரிந்து பிசுக்காவதில்லை. உப்புத் தண்ணி ஊரில் வாழ்ந்தவர்கள் வேதியியல் படிக்காமலே, தங்கள் தண்ணீருக்குப் பொருந்தும் இலையைத் தங்கள் காட்டிலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். எத்தனை பேர் எத்தனை இலைகளை அரைத்துப் பார்த்து ஒதுக்கிய பிறகு இந்த இலை நின்றிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருக்கிறது.

அரப்பைச் சோறு வடித்த கஞ்சியில் குழைத்துத் தேய்க்கும் வழக்கத்திலும் பொருள் இருக்கிறது. கஞ்சியின் மாவுச்சத்து செதில்கள்மீது மெல்லிய படலமாகப் படிந்து உராய்வைக் குறைக்கும். ஆனால் சுருட்டை முடிக்கு ஒரு திருத்தம் தேவை. தூளை அப்படியே தேய்த்தால் குருணைகள் சுருள்களுக்குள் மாட்டிக்கொண்டு செதில்களைச் சுரண்டும். அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றை மட்டும் தலைத்தோலில் ஊற்றித் தேய்க்க வேண்டும். கண்ணில் பட்டால் எரியும். சிறு பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம்.

அரப்பு மட்டும் போதாது. அது எண்ணெய்ப் பசையை நன்றாகவே வாங்கிவிடும். சுருட்டை முடியிலோ, தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிக்குப் போய்ச் சேர்வதே கடினம். அதனால்தான் முதலில் எண்ணெய், பிறகு அரப்பு என்ற வரிசை. மும்பையின் மாரிகோ நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003இல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குளிப்பதற்கு முன்னாலும் பின்னாலும் பூசிப் பார்த்ததில், முடியின் புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றுதான். தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வு என்பதை மறக்க வேண்டாம். என்றாலும் அவர்கள் சொல்லும் காரணம் பொருந்துகிறது. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறியது, நேரானது. செதில்களுக்கு இடையே நுழைந்து உள்ளே போகிறது. உள்ளே எண்ணெய் இருந்தால் தண்ணீர் அவ்வளவாக ஏறாது, முடி உப்பிச் சுருங்கி உப்பிச் சுருங்கித் தளர்வதும் குறையும். முதல்நாள் இரவோ, குளிக்கச் சில மணி நேரம் முன்போ, நுனிவரை மிதமாகப் பூசினால் போதும்.

விளக்கெண்ணெயில் எச்சரிக்கை வேண்டும். மிகவும் பிசுபிசுப்பானது. அதைத் தேங்காய் எண்ணெயோடு கலந்து பூசிக் குளித்த ஒரு பெண்ணின் நீண்ட கூந்தல் பிரிக்கவே முடியாத ஒரே கட்டியாகிப் போனதை இந்திய மருத்துவர்கள் 2017இல் பதிவு செய்திருக்கிறார்கள். வெட்டித்தான் எடுத்தார்கள். சூடு பட்டுச் செதில் தூக்கிய சுருட்டை முடியில் அதைப் பரிசோதிக்காதீர்கள்.

குளித்த பிறகு வழுவழுப்பு வேண்டும். வெந்தயத்தை இரவு ஊறவைத்தால் வெளிவரும் பசை கேலக்டோமன்னன் என்ற சர்க்கரைச் சங்கிலி. நீரைப் பிடித்துக்கொண்டு முடிகளுக்கு நடுவே வழுக்கல் தரும். செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கினால் வரும் கொழகொழப்பும் அதே வேலையைச் செய்யும். எதுவானாலும் வடிகட்டிய பசையை மட்டும் பூசி, அது இருக்கும்போதே விரலால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். கற்றாழையை வெட்டினால் முதலில் வடியும் மஞ்சள் பாலை முழுதும் வடியவிட்டுக் கழுவுங்கள்; அது தோலை உறுத்தும். முட்டையின் புரதம் முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. எலுமிச்சைச் சாற்றை நேரடியாகப் பிழியவே கூடாது.

நெல்லிக்காயையும் சொல்லியாக வேண்டும். தருமபுரி, ஔவைக்கு நெல்லிக்கனி தந்த அதியமானின் தகடூர் மண். நெல்லியின் புளிப்பு, நீர்த்த அளவில், உப்புத் தண்ணிப் படிவைக் கொஞ்சம் இளக்க உதவும். ஒரு சொம்புத் தண்ணீரில் இரண்டு நெல்லிக்காயை நசுக்கி ஊறவைத்து வடிகட்டி, அலசும்போது ஊற்றலாம். சுருளை அது திருப்பித் தரும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். கடைசி அலசலுக்கு மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை.

கடைக் கண்டிஷனரை வெறுக்கவும் தேவையில்லை. புண்பட்ட முடி எதிர்மின் தன்மை கொண்டது. கண்டிஷனரில் நேர்மின் தன்மையுள்ள பொருள்கள் இருப்பதால் சரியாக அந்த இடங்களிலேயே ஒட்டிக்கொள்கின்றன. வெந்தயப் பசைக்கு அந்தத் திறமை இல்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

இனி மீதி வேலை வளர்ச்சியுடையது. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். நுனியில் 20 சென்டிமீட்டர் கருகியிருந்தால் அதே நீளத்துக்குப் புது முடி வர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுனியை இரண்டு சென்டிமீட்டர் வெட்டிக்கொண்டே வந்தால், நீளம் அவ்வளவாகக் குறையாமலே கருகிய பகுதி முழுதும் கழிந்துவிடும். எங்கே வெட்டுவது என்ற சந்தேகம் வந்தால், தட்டுத் தண்ணீரில் முடி எந்த இடம்வரை வளைகிறது என்று பாருங்கள்.