எகிப்தியர் கல்லறையும் தகடூர் நடுகல்லும்

தருமபுரியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், ஏரிக்கரையிலும் மரத்தடியிலும் மஞ்சள் பூசிப் பொட்டிட்டு, வேடியப்பன் என்று பெயர் சொல்லிப் பொங்கல் வைத்து வணங்கப்படும் பலகைக் கற்களைக் கண்டவர் பலர். அவற்றுள் பல, ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன் போரில் மாண்ட வீரர்களுக்காக நாட்டப்பட்டவை என்பதையும், நைல் நதிக்கரையில் வாழ்ந்த புராதன எகிப்தியரின் உள்ளத்தை நமக்கு விளக்கவல்லவை என்பதையும் எண்ணிப் பார்த்தவர் சிலரே.

எகிப்தியர் மரணத்தையே சதா சிந்தித்திருந்தவர்கள் என்றோர் அபிப்பிராயம் உலகில் பரவியிருக்கிறது. அதை நான் ஏற்பதில்லை. நைல் வெள்ளம் ஆண்டுதோறும் கொணர்ந்த வண்டலில் கோதுமையும் பார்லியும் விளைவித்து, விழாவும் விருந்துமாக ஜீவிதத்தை நேசித்த அம்மக்கள், அது ஒருநாள் முடிந்துபோவதைச் சகிக்க மாட்டாமலேதான், கி.மு. 26ஆம் நூற்றாண்டில் கூபு மன்னனுக்கு 146 மீட்டர் உயரத்தில் ஒரு பிரமிடை எழுப்பினார்கள். 70 நாள் கிரியைகள் செய்து சரீரத்தை உப்பிட்டு உலர்த்தித் துணியால் சுற்றினார்கள். ஒஸிரிஸ் தேவனின் சபையில் சத்தியத்தின் இறகுக்கு எதிராகத் தராசில் நிறுக்கப்பட வேண்டியது என்பதற்காக, இருதயத்தை மட்டும் உடலிலேயே விட்டுவைத்தார்கள்.

ஆயினும் பிரமிடுகளைவிட என் மனத்தைத் தொடுபவை, சாமானிய அதிகாரிகளும் எழுத்தர்களும் தங்கள் சமாதிகளில் நிறுத்திய கற்பலகைகளே. இறந்தவர் பீடத்தின் முன் அமர்ந்திருக்க, அதன்மேல் ரொட்டித் துண்டுகள் வரிசையாக நிற்கும். அவ்வழியே செல்பவர்களை விளித்து, தம் பெயரைச் சொல்லி, ஆயிரம் ரொட்டியும் ஆயிரம் குடம் பார்லி மதுவும் கிடைக்குமாறு பிரார்த்திக்கும்படி இறந்தவரே வேண்டிக்கொள்வதாக அக்கல் பேசும். பெயர் உச்சரிக்கப்படும்வரை தமக்கு அழிவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை.

இதே பசியும் தாகமும் தருமபுரியின் பழம்பெயரான தகடூரிலும் உண்டு. அவ்வூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபின், மலைநாடு முழுவதையும் கொடுத்தாலும் கொள்ளாத அவன், நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் வார்க்கும் கள்ளைக் கொள்வானோ என்று ஔவையார் அரற்றியதைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் இத்தகைய கற்களைச் சாவகாசமாகப் பார்க்கலாம். வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளுமாக நிற்பான்; சில கற்களில் அவன் உடலில் அம்புகள் தைத்திருக்கும்; சிலவற்றில் காலடியருகே ஒரு சிறு பாத்திரம் செதுக்கப்பட்டிருக்கும். வட்டெழுத்து வரிகள் அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லி, தொறு என்னும் ஆநிரையைக் கவர்ந்த பூசலில் இன்னான் பட்டான் என்று முடியும். எகிப்தில் கல்லில் பெயர் நிலைப்பதற்குப் பதவியோ பொருளோ வேண்டியிருந்தது. இம்மண்ணிலோ, ஊரார் மாட்டை மீட்கப் போய் உயிரைக் கொடுத்தவனுக்கும் அது கிட்டியது. இவ்விஷயத்தில் நம் முன்னோரின் உள்ளம் விசாலமானது என்றே சொல்வேன்.

இவ்விரு நாடுகளும் ஒன்றையொன்று முற்றிலும் அறியாதவையும் அல்ல. மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவ வசதி செய்ததைக் கூறும் அசோகரின் இரண்டாம் பாறைச் சாசனம் சோழ பாண்டியரோடு சத்தியபுத்திரரையும் குறிக்கிறது. பதின்மூன்றாம் சாசனம் துரமாயன் என்று கூறுவது எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமியை. 1981இல் ஜம்பை என்னும் ஊரில் கண்டறியப்பட்ட கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுத்திரன் என்றே அழைத்து, அவ்வம்சம் எதுவென்ற நெடுநாள் விவாதத்துக்கு விடையளித்தது.

எகிப்தியரின் எழுத்து 1822இல் ஷாம்போலியன் என்னும் அறிஞரால் வாசிக்கப்பட்டபின் அவர்கள் பெயர்களை உலகமே உச்சரிக்கிறது. நம் வயல்வரப்பிலோ புதரிலோ எழுத்துள்ள கல்லொன்று கிடப்பதைக் கண்டால், அதைத் துணி துவைக்கவும் வாசற்படிக்கும் எடுத்துப்போகாமல், தொல்லியல் துறையினருக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள்.