கணக்குப்பிள்ளை கண்ட ஐரோப்பா!

ஐரோப்பாவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் தெருவில் என் மதிப்பு திடீரென்று ஏறிவிட்டது. பால்காரர்கூடப் பாக்கியைக் கேட்கவில்லை. 'வெளிநாடே போறாரு, தராமலா போயிடுவாரு!' என்ற நம்பிக்கை. நான் எப்படிப் போகப்போகிறேன் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே வசூல் பண்ணியிருப்பார்.

2024 அக்டோபர். பார்சிலோனாவில் இறங்கி, இத்தாலிக்குப் போய், அங்கிருந்து கப்பலில் கிரீஸ், ஏதென்ஸில் விமானம் ஏறித் தீபாவளிக்குள் ஊர். பதினாறு நாள். தலைக்கு ஒன்றே முக்கால் லட்சம். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. என் பங்கு, மனைவி மாதாமாதம் கட்டி எடுத்த சீட்டுப் பணம். கூட வந்தவன் கல்லூரித் தோழன். வங்கியில் வேலை என்பதால் 'காஷியர்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பயணத்துக்கான பொதுக் கஜானா என்னிடம்தான். பி.காமில் அக்கவுண்டன்ஸியில் அவனைவிட நான் பதினோரு மார்க் அதிகமாக்கும்!

ஷெங்கன் விசா ஒன்று வாங்கினால் 29 நாடுகளுக்குப் போதும். கட்டணம் 90 யூரோ. அது போகக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ், தங்குமிட ரிசர்வேஷன், பேங்க் ஸ்டேட்மென்ட். கையில் பணம் இருக்கிறது என்று நிரூபித்தால்தான், பணமில்லாதவன் மாதிரி ஊர் சுற்ற விடுவார்கள்!

அப்போது ஒரு யூரோ சுமார் 91 ரூபாய். இந்தத் தொண்ணூற்றொன்றாம் வாய்ப்பாடு எங்களை விமானம் இறங்கியதும் பிடித்த சனி. தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாலும் பெருக்கினோம். கழிப்பறை வாசலில் நின்றும் பெருக்கினோம். (ஒரு யூரோ கேட்டார்கள். அடக்கிக்கொண்டோம்.)

பார்சிலோனாவில் ஓர் அறையில் எட்டுப் படுக்கை, ரயில் பெர்த் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. குறட்டை மட்டும் ஒன்பது ராகத்தில். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் ஸ்பெயின்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். மதியத்தில் 'மெனு தெல் தியா' என்று ஒன்று உண்டு. முதலில் ஒரு அயிட்டம், அப்புறம் ஒரு அயிட்டம், ரொட்டி, கடைசியில் பழமோ இனிப்போ, எல்லாம் சேர்த்து ஒரே விலை. நாங்கள் போன இடத்தில் 14 யூரோ. சுற்றிலும் அந்த ஊர் ஆபீஸ் ஆசாமிகள். மூக்குப் பிடிக்க ஒரு வெட்டு வெட்டிவிட்டால் ராத்திரிக்கு ரொட்டியில் தக்காளியைத் தேய்த்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடலாம். பஞ்சப் பாட்டு என்று நினைக்காதீர்கள். கத்தலோனியாவில் அது எல்லாரும் ஆசையாகச் சாப்பிடுகிற பலகாரம்.

அடுத்தது மிலன். விமான டிக்கெட் 19 யூரோ! 'டேய், நம்ம ஊர் ஆம்னி பஸ்ஸே இதைவிட ஜாஸ்திடா' என்று காஷியர் பூரித்துப்போனான். விமானத்தில் ஏறுகிற இடத்தில் ஒரு இரும்புக் கூண்டு வைத்திருந்தார்கள். பை அதற்குள் நுழைய வேண்டும். காஷியரின் பை நுழைந்தது. என் பை இரண்டு விரற்கடை வெளியே நின்றது. முறுக்கு டப்பா செய்த துரோகம். 19 யூரோ டிக்கெட்காரனுக்குப் பைக்கு மட்டும் 45 யூரோ. சரி, தொலையட்டும் என்று போய் இறங்கினால், அது மிலன் இல்லை... பெர்காமோ! அங்கிருந்து மிலன் சுமார் 50 கிலோமீட்டர். சென்னைக்கு டிக்கெட் வாங்கியவனைச் செங்கல்பட்டில் இறக்கிவிட்ட மாதிரி. பஸ் காசு தனி.

மிலனில் பார்த்தது அதிகமில்லை. அன்று ராத்திரியே ரோமுக்குப் பஸ்.

ரோம்! வாய்ப்பாடு மறந்துபோன ஒரே ஊர். தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்த் தூண்கள், சுமார் 2,500 இருக்கின்றன. ராத்திரி பகலாகக் குடிதண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும், ஜில்லென்று, காசில்லாமல். குழாய் மூக்கு மாதிரி வளைந்திருப்பதால் 'நசோனே' என்று பெயர், பெரிய மூக்கு! கீழ்வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கிற சின்ன ஓட்டை வழியே தண்ணீர் பீச்சியடிக்கும். வாய் வைத்துக் குடிக்கலாம். முதல் நாள் அடைத்தபோது பின்னால் நின்ற ஜப்பான் பாட்டிக்கு அபிஷேகம் ஆகிவிட்டது.

காபியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உட்கார்ந்தால் ஒரு விலை, நின்றால் ஒரு விலை. மிலனில் விவரம் தெரியாமல் உட்கார்ந்து 4 யூரோ அழுத அதே காபி, ரோமில் கவுண்டரில் நின்று குடித்தபோது 1.30. நம்ம ஊர் கையேந்தி பவனில் பழகிய கால்களுக்கு நிற்பது ஒரு கஷ்டமா? பஸ் டிக்கெட் ஒன்றரை யூரோ, நூறு நிமிஷத்துக்குச் செல்லும். செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக்குள் போகக் காசே கிடையாது. வரிசையில் நிற்கத் தெம்பு இருந்தால் போதும். மூன்று நாளில் பட்ஜெட்டில் 40 யூரோ மிச்சம். நோட்டில் அடிக்கோடு போட்டேன். திருஷ்டி பட்டுவிட்டது.

நேபிள்ஸில் பாசஞ்சர் ரயில் ஒன்றில் ஏறினோம். டிக்கெட் வாங்கித்தான் ஏறினோம் ஐயா! பரிசோதகர் வந்தார், டிக்கெட்டை முன்னும் பின்னும் திருப்பினார், 'ஸ்டாம்பு எங்கே?' என்றார். அந்த ஊரில் காகித டிக்கெட்டைப் பிளாட்பாரத்து மெஷினில் செருகித் தேதி, நேரம் அடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். இல்லாவிட்டால் அதே டிக்கெட்டில் நாளைக்கும் வருவாய் என்று அர்த்தம். அபராதம் ஆளுக்கு 50 யூரோ. 'டூரிஸ்ட்... இண்டியா... முதல் தடவை...' என்று கெஞ்சினேன். அவர் மரியாதையாக ரசீது போட்டுக் கொடுத்தார். நூறு யூரோ. ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய்! இந்த ஸ்டாம்பு சமாசாரத்தை ஊரிலேயே படித்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானே எழுதியும் வைத்திருந்தேன் என்பதைக் காஷியரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அதிலிருந்து நான் மனுஷனாக இல்லை. மதியச் சாப்பாடு கட். காபி கட். பாரி துறைமுகத்திலிருந்து கிரீஸின் பத்ராஸுக்கு ராத்திரிக் கப்பல். காபின் வேண்டாம், டெக் டிக்கெட் போதும் என்று நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். டெக் என்றால் படுக்கை கிடையாது. இடம் கிடைத்த இடத்தில் சுருண்டுகொள்ள வேண்டியதுதான். உள் கூடத்தில் லாரி டிரைவர்கள் முந்திக்கொண்டுவிட்டார்கள். ஒரு பெரியவர் பக்கத்தில் துளி இடம் இருந்தது. 'ஓகேவா?' என்று ஜாடை காட்டினேன். 'நே' என்றார். சரி, நோ என்கிறார் என்று நகர்ந்தோம். அவர் தரையைத் தட்டி, 'நே! நே!' என்று உரக்கச் சொன்னார். கோபக்காரர் போல என்று பயந்து வெளியே ஓடிவிட்டோம். நடுச்சாமத்தில் ஒரு காலேஜ் பையன்தான் விளக்கினான். கிரேக்க மொழியில் 'நே' என்றால் ஆமாம். 'ஓஹி' என்றால்தான் இல்லை. அந்தப் பெரியவர் பாவம், 'வாங்கப்பா, உட்காருங்க' என்று கூவியிருக்கிறார்! தலையை மேலே வெட்டி 'ச்சு' கொட்டினாலும் அங்கே 'இல்லை'தான். அது நமக்குப் புரியாதா? நம்ம வீட்டிலேயே தினம் கேட்கிற சத்தமாயிற்றே!

அக்டோபர் கடல் காற்று எலும்பில் ஏறியது. இரண்டு பேரும் ஒரே போர்வையில். விடியற்காலை ஒரு துறைமுகத்தில் லாரிகள் தடதடவென்று இறங்க, மலைக்குப் பின்னால் வானம் வெளுத்தது. காஷியர் திடீரென்று சொன்னான்: 'ஒன்பதாம் கிளாஸ் சரித்திரப் புஸ்தகத்துல பார்த்தினான் படம் ஒண்ணு இருந்துச்சுடா. எங்கப்பா கையைப் பிடிச்சு வரையச் சொல்லிக் குடுத்தாரு. மத்ததெல்லாம் நீ எங்க வேணா கூட்டிட்டுப் போ. நான் அதைப் பார்க்கத்தான் வந்தேன்.'

அவன் அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. நான் 'ம்' என்றேன்.

ஏதென்ஸில் இறங்கியதும் போயிருக்கலாம். 'கடைசி நாள் பார்த்துக்கலாம், கையில மிச்சம் இருந்தா' என்று தள்ளினேன். கடைசி நாள் 27, ஞாயிறு. அன்று அதிகாலை ஐரோப்பா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கிற தினம். இலவசமாகக் கிடைத்த அந்த ஒரு மணியைத் தூங்கித் தீர்த்துவிட்டு எழுந்தோம். விடுதிப் பையன் சாதாரணமாகக் கேட்டான்: 'ஏன் சார் இன்னிக்குப் போறீங்க? நாளைக்கு இலவசமாச்சே!'

அக்டோபர் 28 கிரீஸில் 'ஓஹி' தினம். 1940-ல் முசோலினி விட்ட எச்சரிக்கைக்கு 'இல்லை' என்று பதில் சொன்ன நாள். அன்று அரசாங்கத் தொல்பொருள் இடங்கள் எல்லாம் இலவசம். எங்கள் விமானமோ 27 ராத்திரி. 28-ஐவிட 2,100 ரூபாய் மலிவு என்று அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்த மேதாவி யார் என்று கேட்காதீர்கள்.

அக்ரோபோலிஸ் டிக்கெட் அப்போது 20 யூரோ. (2025 ஏப்ரல் முதல் 30.) இரண்டு பேருக்கு 40. மறுநாள் சும்மா கிடைப்பதற்கு இன்று 3,640 ரூபாயா? பொதுப் பணத்திலிருந்து தர முடியாது என்று சொல்லிவிட்டேன். காஷியர் வாதம் செய்யவில்லை. தன் சொந்தப் பர்ஸைத் திறந்து ஒரே ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு மேலே போனான். 'உனக்கும் வாங்கட்டுமா?' என்று கேட்டான். தலையை மேலே வெட்டி 'ச்சு' என்றேன். ஓஹி.

எதிரே அரியோபாகஸ் என்று ஒரு பாறை. பவுல் பிரசங்கம் செய்ததாக பைபிள் சொல்லும் இடம். கட்டணமில்லை. ஏறி உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். அங்கிருந்து அக்ரோபோலிஸின் வாசல் தெரியும், மதில் தெரியும், ஏறிப் போகிற மனுஷத் தலைகள் தெரியும். பார்த்தினான் தெரியாது.

ஊருக்கு வந்த பிறகுதான் படித்தேன். பார்த்தினானைக் கி.மு. 447 முதல் 432 வரை கட்டியபோது வருஷாவருஷம் வரவு செலவைச் சலவைக் கல்லில் வெட்டி ஊரார் பார்க்க வைத்தார்களாம். துண்டுகள் இன்றும் இருக்கின்றன. கணக்குப் படித்தவன் பார்க்க வேண்டிய கோயில் அது.

இரண்டு மணி நேரம் கழித்து காஷியர் இறங்கி வந்தான். கண் சிவந்திருந்தது. 'எப்படிடா?' என்றேன். 'காத்து நல்லா அடிச்சுது' என்றான். தண்ணீர் பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நோட்டை நீட்டினேன். ஒன்றே முக்கால் லட்சத்தில் 1,340 ரூபாய் மிச்சம்! மனைவி அதைத் தொடவில்லை. போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நிறுத்தினாள்.

'ஏங்க, இந்தக் கோயில் படத்துல எல்லாம் உங்க ஃபிரண்டு மட்டும்தானே நிக்கிறாரு. நீங்க எங்க?'

'படம் எடுத்ததே நான்தானே' என்றேன்.

நம்பிவிட்டாள். இந்த இதழ் வீட்டுக்கு வருகிற வரைக்கும் கவலையில்லை.