தப்பா டைப் பண்ண முகவரி யாருக்குச் சொந்தம்? இணையத்தை 19 நாள் குழப்பிய 'சைட் ஃபைண்டர்' விவகாரம்

போன்ல அவசரமா ஒரு வெப்சைட் முகவரியை டைப் பண்றீங்க. ஒரு எழுத்து மாறிப்போச்சு. என்ன வரணும்? 'இந்தத் தளத்தை அணுக முடியவில்லை'ன்னு ஒரு வெறும் பக்கம் வரணும். அதுக்குப் பதிலா, லோன் வேணுமா, டிக்கெட் வேணுமான்னு கேட்கிற ஒரு விளம்பரப் பக்கம் வந்து நின்னா?

சிலருக்கு இப்பவும் அப்படித்தான் வருது. இதன் பின்னால் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 2003-ம் ஆண்டு, உலகத்தில் யார் எங்கிருந்து டாட் காம் முகவரியைத் தப்பாக அடித்தாலும் ஒரே ஒரு நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய்ச் சேரும்படி மாற்றப்பட்டது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதல்ல, முகவரி எப்படி வேலை செய்யுது?

நீங்கள் டைப் செய்யும் பெயர் கம்ப்யூட்டருக்குப் புரியாது. அதற்கு எண் வேண்டும். பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தருவதுதான் டிஎன்எஸ். இணையத்தின் டெலிபோன் டைரக்டரின்னு வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் போன் முதலில் உங்களுக்கு நெட் கொடுக்கும் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். அதற்குத் தெரியவில்லை என்றால், டாட் காம் பெயர்களின் மொத்தப் பட்டியலையும் வைத்திருக்கும் இடத்துக்குக் கேள்வி போகும். அந்தப் பட்டியலைப் பராமரிப்பவருக்கு ரெஜிஸ்ட்ரி என்று பெயர். டாட் காம், டாட் நெட் இரண்டுக்கும் ரெஜிஸ்ட்ரி அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனம். அன்றும் அதுதான், இன்றும் அதுதான்.

பட்டியலில் பெயர் இல்லை என்றால் ரெஜிஸ்ட்ரி 'அப்படி ஒரு பெயர் கிடையாது' என்று பதில் அனுப்ப வேண்டும். டெக்னிக்கலாக இதை 'என்எக்ஸ்டொமைன்' என்பார்கள். 'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை'ன்னு போன்ல ஒரு குரல் சொல்லுமே, அதே மாதிரி. கேட்க எரிச்சலாக இருக்கும். ஆனால் அதுதான் சரியான தகவல்.

2003 செப்டம்பர் 15: என்ன நடந்தது?

அன்று வெரிசைன் தன் பட்டியலில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தது. பெயருக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறி. 'வைல்டுகார்டு' என்று சொல்வார்கள். பட்டியலில் இல்லாத எந்தப் பெயரைக் கேட்டாலும் இந்த எண்ணைக் கொடு என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த எண் 64.94.110.11. வெரிசைனின் சொந்த சர்வர்.

ஆக, யாரும் வாங்காத, கோடிக்கணக்கான, ஏன் எண்ணிக்கையே இல்லாத டாட் காம், டாட் நெட் பெயர்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் 'இருக்கிற' பெயர்களாகிவிட்டன. தப்பாக டைப் செய்தவர் முன்னால் 'சைட் ஃபைண்டர்' என்ற பக்கம் திறந்தது. 'நீங்கள் தேடியது இதுவா?' என்று சில பெயர்கள், கூடவே காசு கொடுத்த விளம்பர லிங்க்குகள்.

இது வாசகர்களுக்கு உதவி என்றது வெரிசைன். பாதி உண்மைதான். வெறும் எரர் பக்கத்தைவிட, சரியான பெயரை எடுத்துச் சொல்லும் பக்கம் பலருக்கு வசதிதான். மைக்ரோசாஃப்ட் பிரவுசரும் அந்தக் காலத்தில் இதே மாதிரி தன் தேடல் பக்கத்தைக் காட்டியதே என்றும் ஆதரவாளர்கள் கேட்டார்கள்.

ஆனால் வித்தியாசம் இருக்கு. பிரவுசர் உங்க கையில் இருக்கும் பொருள். பிடிக்கலைன்னா மாத்திக்கலாம். டாட் காம் பட்டியல் உலகத்துக்கே ஒண்ணுதான். அதை மாற்ற உங்களால் முடியாது.

காசு கணக்கும் உண்டு. அப்போது ஒரு டாட் காம் பெயருக்கு ரெஜிஸ்ட்ரிக்கு ஆண்டுக்கு 6 டாலர் போக வேண்டும். தப்பெழுத்துப் பெயரை வாங்கிப்போட்டு விளம்பரம் காட்டிச் சம்பாதிப்பவர்கள்கூட, ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் காசைக் கட்டியாக வேண்டும். வெரிசைன் மட்டும் விற்காமல் மிச்சமிருந்த அத்தனை பெயரையும் சும்மாவே பயன்படுத்திக்கொண்டது. பட்டியலைப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த வேலையை வைத்து, பட்டியலில் இல்லாததையெல்லாம் தன் கடையாக்கிக்கொண்டது என்ற கோபம் எழுந்தது இதனால்தான்.

இமெயில் ஏன் குழம்பியது?

இங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகிறது. டிஎன்எஸ்ஸைக் கேட்பது பிரவுசர் மட்டும் இல்லை. இமெயில் சர்வர், ஸ்பேம் ஃபில்டர், ஆபீஸ் மென்பொருள் என எல்லாமே கேட்கும். அதில் எதற்குமே 'நீங்கள் தேடியது இதுவா?' என்ற பக்கத்தைப் படிக்கத் தெரியாது. 'இல்லை' என்றால் 'இல்லை' என்று பதில் வர வேண்டும், அவ்வளவுதான்.

முதல் அடி ஸ்பேம் ஃபில்டருக்கு. மெயில் அனுப்பியவரின் டொமைன் நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் தூக்கி எறிவது அன்று பல மெயில் சர்வர்களின் வழக்கம். செப்டம்பர் 15-க்குப் பிறகு வாய்க்கு வந்த பெயரைப் போட்டு டாட் காம் என்று முடித்தாலும் 'இருக்கு' என்றே பதில் வந்தது. போலி மெயில்கள் அந்தச் சோதனையைச் சுலபமாகத் தாண்டின.

அடுத்தது தப்பான முகவரிக்குப் போன மெயில்கள். முன்பெல்லாம் 'அப்படி ஒரு டொமைன் இல்லை' என்று உங்கள் சர்வரே உடனே சொல்லிவிடும். இப்போதோ அந்த மெயில் வெரிசைன் சர்வரின் கதவைத் தட்டியது. அங்கே ஒரு புரோகிராம் அதைத் திருப்பி அனுப்பியது என்பது நிஜம். ஆனால் திருப்பி அனுப்புவதற்கு முன் யார் யாருக்கு எழுதுகிறார் என்ற விவரம் அந்த சர்வருக்குப் போய்விடும். போதாக்குறைக்கு ஆரம்பத்தில் வைத்த அந்தப் புரோகிராம் மெயில் விதிகளைக்கூட ஒழுங்காகப் பின்பற்றவில்லை. எதைக் கேட்டாலும் மனப்பாடம் செய்த பதிலையே வரிசையாகச் சொன்னது. பிறகு அதை மாற்றினார்கள்.

இன்னொரு சிக்கல் யாரும் எதிர்பாராதது. பல நிறுவனங்கள் மெயில் வாங்க இரண்டு சர்வர் பெயர்களைக் கொடுத்து வைத்திருக்கும். முதல் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால், 'அது இல்லை' என்று தெரிந்ததும் மெயில் தானாக இரண்டாவது சர்வருக்குப் போகும். பல ஆண்டுகளாக யாருக்கும் தெரியாமலேயே ஓடிக்கொண்டிருந்த பிழை. சைட் ஃபைண்டர் வந்ததும் அந்தத் தப்பான பெயரும் 'இருக்கு' என்றாகிவிட்டது. மெயில் அங்கே போய் நிராகரிக்கப்பட்டுத் திரும்பிவிடும் நிலை. அனுப்பியவர் மேலும் தப்பில்லை, வாங்குபவர் எதையும் மாற்றவும் இல்லை. ஆனாலும் கடிதம் வந்து சேராது.

இணையத்தின் கட்டமைப்பைக் கவனிக்கும் நிபுணர் குழுவான இன்டர்நெட் ஆர்க்கிடெக்சர் போர்டு, நான்கே நாளில் செப்டம்பர் 19 அன்று இதையெல்லாம் விளக்கி அறிக்கை வெளியிட்டது. அதில் நம்மூர்க்காரர்களுக்கும் பொருந்தும் ஒரு விஷயம் உண்டு. பிரவுசரின் எரர் செய்தி உங்கள் மொழியில் வரலாம். ரெஜிஸ்ட்ரி காட்டும் பக்கம் அப்படி வராது. இங்கிலீஷ் தெரியாதவருக்கு, தான் தப்பாக டைப் செய்துவிட்டோம் என்பதே புரியாமல் போகும்.

எதிர்ப்பு எப்படி வந்தது?

வேகமாக வந்தது. டிஎன்எஸ் சர்வர்களில் பரவலாகப் பயன்படும் மென்பொருள் 'பைண்ட்'. அதை உருவாக்கும் ஐஎஸ்சி அமைப்பு ஓரிரு நாளில் புதிய வசதியை வெளியிட்டது. 'டாட் காம் ரெஜிஸ்ட்ரி வேறு சர்வரைக் கைகாட்டினால் மட்டும் நம்பு, நேரடியாக எண் கொடுத்தால் நம்பாதே' என்று செட் செய்துகொள்ளலாம். பல நெட் நிறுவனங்கள் இதைப் போட்டன. சிலர் அந்த எண்ணையே பிளாக் செய்தார்கள். வழக்குகளும் பாய்ந்தன.

சிக்கல் தீர்ந்ததா? முழுசா இல்லை. ஒரே பெயரைக் கேட்டால் ஒரு ஊரில் 'இருக்கு' என்றும் இன்னொரு ஊரில் 'இல்லை' என்றும் பதில். டிஎன்எஸ் எங்கே கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லும் என்ற நம்பிக்கைதான் அங்கே உடைந்தது.

டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பு முதலில் 'தானாக நிறுத்துங்கள்' என்று கேட்டுக்கொண்டது. வெரிசைன் மறுத்தது. அக்டோபர் 3-ம் தேதி ஐகேன் தலைவர் பால் டூமி கெடு விதித்துக் கடிதம் அனுப்பினார்: மறுநாள் மாலைக்குள் நிறுத்தாவிட்டால் ஒப்பந்தப்படி நடவடிக்கை. அக்டோபர் 4-ம் தேதி சைட் ஃபைண்டர் நிறுத்தப்பட்டது. மொத்த ஆயுள் 19 நாள்.

வெரிசைன் சும்மா இருக்கவில்லை. 2004 பிப்ரவரியில் ஐகேன் மீதே வழக்கு போட்டது. ஐகேன் போட்டியைத் தடுக்கிறது என்ற குற்றச்சாட்டை அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியில் இரு தரப்பும் சமரசம் ஆகி, 2006-ல் புதிய டாட் காம் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு ரெஜிஸ்ட்ரிகள் புதிய சேவை தொடங்கும் முன் ஐகேன் பரிசீலனைக்கு அனுப்ப வேண்டும் என்ற நடைமுறை வந்தது. 2012-க்குப் பிறகு வந்த டாட் ஷாப், டாட் ஆப் மாதிரியான புதிய பெயர்களின் ஒப்பந்தத்தில் வைல்டுகார்டு கூடாது என்று நேரடியாகவே எழுதிவிட்டார்கள்.

அப்போ பிரச்சினை முடிஞ்சதா?

இல்லை, இடம் மாறியது.

நாடுகளின் பெயர்கள் ஐகேனின் அந்த ஒப்பந்தத்துக்குள் வராது. ஆப்பிரிக்க நாடான கேமரூனுக்கான பெயர் 'டாட் சிஎம்'. டாட் காம் அடிக்கும்போது 'ஓ' எழுத்தை விட்டுவிட்டால் அது கேமரூன் முகவரி! 2006-ல் அங்கே வைல்டுகார்டு போடப்பட்டு, உலகம் முழுக்க கை தவறியவர்கள் விளம்பரப் பக்கத்துக்குப் போனார்கள். 2009-ல் மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட ஆபத்தான டொமைன்கள் பட்டியலில் முதல் இடம் இந்த டாட் சிஎம்முக்குத்தான். எழுத்துப்பிழையைக் குறிவைக்கும் மோசடிகளும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

இன்னொரு பக்கம், நெட் கொடுக்கும் நிறுவனங்களே இதைச் செய்யத் தொடங்கின. ரெஜிஸ்ட்ரி 'இல்லை' என்று சரியாகத்தான் சொல்லும். நடுவில் இருப்பவர் அதை மாற்றி, தன் விளம்பரப் பக்கத்தின் எண்ணைக் கொடுப்பார். அமெரிக்காவில் எர்த்லிங்க் 2006-லும் காம்காஸ்ட் 2009-லும் இப்படிச் செய்தன.

அதில் என்ன ஆபத்து என்பதை 2008-ல் பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி செய்தே காட்டினார். ஒரு பிரபல தளத்தின் பெயருக்கு முன்னால் இல்லாத ஒரு வார்த்தையைச் சேர்த்து டைப் செய்தால், அதுவும் விளம்பர சர்வருக்கே போனது. முகவரிப் பட்டையில் தெரிவது நம்பகமான நிறுவனத்தின் பெயர், உள்ளே இருப்பது வேறு யாரோ. அந்த விளம்பர சர்வரில் ஒரு ஓட்டை இருந்தால் போதும், நம்பகமான பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மோசடிப் பக்கம் காட்டலாம். ஓட்டை இருக்கவும் செய்தது. பிறகு சரி செய்தார்கள்.

காம்காஸ்ட் 2012 ஜனவரியில் இதைக் கைவிட்டது. காரணம் டிஎன்எஸ்செக். டிஎன்எஸ் பதிலில் டிஜிட்டல் கையெழுத்து போடும் முறை அது. நடுவில் பதிலை மாற்றினால் கையெழுத்து ஒத்துப்போகாது. ஆனால் ரெஜிஸ்ட்ரியே வைல்டுகார்டு போட்டால் கையெழுத்தும் அதுவே போட்டுக்கொள்ளும். அந்த இடத்தில் டெக்னாலஜி காப்பாற்றாது, ஒப்பந்தம்தான் காப்பாற்றணும்.

உங்க போன்ல செக் பண்றது எப்படி?

பிரவுசரில் அர்த்தமே இல்லாத பதினைந்து இருபது எழுத்துகளை அடித்து, கடைசியில் டாட் காம் போடுங்கள். டாட் காம் போடாவிட்டால் பிரவுசர் அதைத் தேடல் வார்த்தையாக எடுத்துக்கொள்ளும். (மொபைலில் இந்தப் பிரச்சினை நிறைய பேர் கண்ணில் படாததற்கு அதுவும் ஒரு காரணம். முகவரிப் பட்டையே இப்போது தேடல் பட்டை. அந்த விளம்பரக் காசு இப்போது தேடுபொறிகளுக்குப் போகிறது.)

'தளத்தை அணுக முடியவில்லை' என்று வந்து, கீழே 'என்எக்ஸ்டொமைன்' என்ற குறியீடு இருந்தால் எல்லாம் சரி. விளம்பரப் பக்கமோ, வேறு தேடல் பக்கமோ வந்தால் நடுவில் யாரோ பதிலை மாற்றுகிறார்கள். வைஃபையில் ஒரு முறை, மொபைல் டேட்டாவில் ஒரு முறை பாருங்கள். எதில் வருகிறதோ அங்கேதான் பிரச்சினை.

ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய போன் என்றால், செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் 'பிரைவேட் டிஎன்எஸ்' இருக்கும். அதில் கூகுள், கிளவுட்ஃப்ளேர் போன்ற பொது டிஎன்எஸ் சேவையின் பெயரைக் கொடுத்துவிட்டு மறுபடி அதே தாறுமாறான பெயரை அடித்துப் பாருங்கள். இப்போது எரர் பக்கம் வந்தால், முன்பு பதிலை மாற்றியது உங்கள் நெட் நிறுவனத்தின் டிஎன்எஸ்தான். அப்படியும் விளம்பரமே வந்தால் போனில் ஏதாவது ஆப் வேலை காட்டுகிறதா என்று தேட வேண்டியிருக்கும்.