உங்களுக்குத் தெரியுமா?
கடை ஊழியருக்கு வாரத்தில் ஒன்றரை நாள் லீவு!

நுகேகொடை ஹைலெவல் வீதித் துணிக்கடையில் நிற்பவருக்கும், வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவருக்கும், கொட்டாஞ்சேனை அலுவலகத்தில் கணக்கெழுதுபவருக்கும் ஒரே சட்டம்தான் காவல்: 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம்.

● வேலை நேரம்: நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. சாப்பாட்டு, ஓய்வு இடைவேளைகள் இந்தக் கணக்கில் சேராது.

● மேலதிக நேரம்: வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு ஒன்றரை மடங்கு சம்பளம் தர வேண்டும்.

● வார லீவு: வாரத்தில் 28 மணித்தியாலமாவது வேலை செய்தவருக்கு ஒரு முழுநாளும் ஓர் அரைநாளும் சம்பளத்துடன் உண்டு.

● வருடாந்த லீவு: முதலாம் ஆண்டில் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்கு அடுத்த ஆண்டில் 14 நாள், ஏப்ரல் முதல் ஜூனுக்குள் என்றால் 10, ஜூலை முதல் செப்டெம்பருக்குள் 7, அதற்குப் பின் 4. மூன்றாம் ஆண்டிலிருந்து எல்லோருக்கும் 14.

● சுகவீனம், சொந்த அலுவல்: இரண்டாம் ஆண்டிலிருந்து 7 நாள். முதலாம் ஆண்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள்.

● போயா: 1971ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விடுமுறைகள் சட்டப்படி, அன்று வேலைக்கு வந்தால் ஒன்றரை நாள் சம்பளம்.

இவை முதலாளி மனமிரங்கித் தரும் சலுகைகள் அல்ல, உங்கள் உரிமைகள். வந்த நேரம், போன நேரத்தை நாள்தோறும் எழுதி வையுங்கள். சம்பளத் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். உரிமை மறுக்கப்பட்டால் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் தயங்காமல் முறையிடுங்கள்.