ரீச்சருக்கு எழுதிய கடிதமும் சிகிச்சையே

“ரெண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியையும் விட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனன் மிஸ். பிள்ளையின்ரை கையைக் கொஞ்ச நேரம் பார்த்துப்போட்டு, ரீச்சரிட்டைக் குடுங்கோ எண்டு ஒரு கடிதம் மட்டும் தந்து விட்டிட்டினம்.”

கணவரை இழந்து, தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் ஒரு தாய் என்னிடம் சொன்னது இது. அவருடைய மகன் தரம் இரண்டில் படிக்கின்றான். பிறப்பிலேயே வலது கை பலவீனமானது. சில வரிகள் எழுதியதும் கை சோர்ந்துவிடும். தம்மைத் தட்டிக் கழித்துவிட்டார்கள் என எண்ணி, அந்தக் கடிதத்தை அவர் ரீச்சரிடம் கொடுக்கவேயில்லை.

தொழில்வழிச் சிகிச்சை என்றதும் தொழிற்பயிற்சி எனச் சிலர் நினைப்பதுண்டு. அப்படியல்ல. உண்பது, உடுப்பது, எழுதுவது, விளையாடுவது போன்ற அன்றாடச் செயல்களை ஒருவர் தாமாகவே செய்ய உதவும் சிகிச்சை இது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு இதனை இரு வகையில் வழங்கலாம்.

ஒன்று, நேரடிச் சேவை. சிகிச்சையாளரே பிள்ளையுடன் இருந்து பயிற்சி கொடுப்பார். விரல்களுக்குப் பலம் சேர்த்தல், பொத்தான் பூட்டுதல், கத்தரிக்கோல் பிடித்தல் போன்றவற்றைப் பிள்ளையின் நிலை பார்த்து உடனுக்குடன் மாற்றி மாற்றிச் செய்விப்பார். விழுங்கும்போது புரையேறும் பிள்ளைக்கு உணவூட்டப் பழக்குவது போன்றவற்றை, பயிற்சி பெறாத எவரிடமும் ஒப்படைக்கக்கூடாது.

மற்றையது, ஆலோசனைச் சேவை. பிள்ளைக்கு எது கடினம் என்பதைச் சிகிச்சையாளர் அறிந்து, ஆசிரியருக்கும் தாய்க்கும் வழி சொல்வார். கால் நிலத்தில் படும்படி கதிரை, முழங்கை உயரத்தில் மேசை, பிடிக்க இலகுவான தடித்த பென்சில், கரும்பலகைக்கு அருகில் இடம், எழுத்து வேலையில் சிறிது குறைப்பு என்பன அவற்றுள் சில.

வாரத்தில் அரை மணி நேரப் பயிற்சி மட்டும் போதுமா? பிள்ளை நாள்தோறும் பல மணி நேரம் இருப்பது வகுப்பறையில் அல்லவா? அங்கே மாற்றம் வராவிட்டால் பயிற்சியின் பயனும் குறைந்துவிடும். எனவே ஆலோசனை என்பது குறைந்த சேவையல்ல. சில பிள்ளைகளுக்கு இரண்டுமே தேவைப்படும்.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கல்வி பெறுவதற்கு இச்சிகிச்சை தேவைப்படும் விசேட தேவையுடைய பிள்ளைக்குப் பாடசாலையே அதனை வழங்க வேண்டும். எந்தச் சேவை, எவ்வளவு நேரம் என்பதைப் பெற்றோரும் அமர்ந்திருக்கும் கூட்டத்தில் முடிவு செய்கின்றனர். நமது நாட்டில் இச்சிகிச்சையாளர்கள் பெரும்பாலும் வைத்தியசாலைகளிலேயே உள்ளனர். ஆகவே, வைத்தியசாலைக்கும் வகுப்பறைக்கும் இடையிலான பாலம் தாய்தான்.

ஆனால் கடிதம் கொடுப்பதோடு காரியம் முடிந்துவிடாது. தாய்மாரே, கிளினிக்கில் இவற்றைத் தயங்காமல் கேளுங்கள்:

- வகுப்பில் எதை, யார், எப்போது செய்ய வேண்டும்?
- வீட்டில் நான் செய்ய வேண்டியது என்ன? ஒருமுறை செய்து காட்டுவீர்களா?
- எத்தனை வாரத்தில் என்ன மாற்றத்தை எதிர்பார்க்கலாம்?
- மாற்றம் இல்லாவிடில் நேரடிப் பயிற்சி கிடைக்குமா?

கேட்பது உங்கள் உரிமை, யாரிடமும் கையேந்துவதாகாது.

அந்தத் தாயுடன் நானும் பாடசாலைக்குச் சென்றேன். கடிதத்தை வாசித்த ரீச்சர், அன்றே மகனின் காலடியில் ஒரு மரப்பெட்டியை வைத்து, அவனை முன்வரிசைக்கு மாற்றினார். மூன்று வரியோடு சோர்ந்தவன் இப்போது ஆறு வரி எழுதுகின்றான். கை முற்றாகக் குணமாகவில்லைத்தான். அடுத்த கிளினிக்குக்குத் தாய் அவனுடைய கொப்பியையும் எடுத்துச் செல்கின்றார், நேரடிப் பயிற்சியும் வேண்டுமா என்று கேட்பதற்காக.