தொலைந்த பந்துக்கு மூன்று நிமிஷம்



1895ஆம் ஆண்டில் தோன்றிய கொடைக்கானல் கோல்ஃப் கழகத்தைப் போன்ற மலைநாட்டு மைதானங்களில், அடித்த பந்து புதருள் புகுந்து மறையுமாயின், அதைத் தேடுவதற்கு முன்னர் 5 நிமிஷம் அளித்திருந்த சர்வதேச விதி, 2019 முதல் 3 நிமிஷமே அளிக்கிறது. அதற்குள் பந்து அகப்படாவிடில், ஆட்டக்காரர் தாம் முன்பு அடித்த இடத்திற்கே மீண்டு, ஓர் அடியைத் தண்டமாக ஏற்று, வேறொரு பந்தை ஆடவேண்டும்; ஆகவே முதலடியிலேயே பந்தை இழந்தவருக்கு அடுத்தது மூன்றாவது அடியாகும். தொலைந்ததோ என்ற சந்தேகம் எழுந்தவுடனேயே, உடனாடுவோரிடம் அறிவித்துத் தற்காலிகப் பந்தொன்றை அடித்துவைப்பது, திரும்பி நடக்கும் சிரமத்தையும் பின்வருவோரின் காலத்தையும் மிச்சப்படுத்தும் உத்தமமான உபாயம். நடுவர் அருகில் இல்லாதபோதும் தமக்குரிய தண்டத்தைத் தாமே கணக்கில் சேர்த்துக்கொள்ளும் நேர்மையே இவ்விளையாட்டின் தலையாய தர்மம்.