நடையும் நலவாழ்வும்

1953-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். இலண்டன் நகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களையும், அதே வண்டிகளில் படியேறி இறங்கிச் சீட்டு வழங்கிய நடத்துநர்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். நடத்துநர்களிடையே இருதய நோய் குறைவாகக் காணப்பட்டது. நடந்து சென்று தபால் வழங்குவோரையும் அஞ்சலக எழுத்தர்களையும் ஒப்பிட்டதிலும் இதே போக்கு புலப்பட்டது. ஆயினும், பருமனான உடலமைப்பு உடையோரே ஓட்டுநர் பணியை நாடினரோ என்ற ஐயத்திற்கு இடமிருந்தது. மாரிஸ் குழுவினர் 1956-இல் பணியாளர்களின் சீருடை அளவுகளை ஆராய்ந்து, ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாக இருந்ததைத் தாமே வெளியிட்டனர். காரணத்தையும் உடன்நிகழ்வையும் பிரித்தறிய விரும்பும் மாணவர்க்கு இது இன்றும் நல்லதொரு பாடம். பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் இத்தகைய வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்தும், உடலுழைப்பின் நற்பயனை உறுதி செய்துள்ளன.

இந்தியாவைப் பொறுத்தவரை இது ஏட்டளவிலான செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், மேலும் 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. 2024-இல் வெளியான பன்னாட்டு மதிப்பீடு ஒன்றின்படி, போதிய உடலுழைப்பு இல்லாத வயதுவந்தோர் 2000-ஆம் ஆண்டில் 22 சதவீதமாக இருந்தனர். 2022-இல் இவ்விகிதம் 49 சதவீதத்தை எட்டியது. ஆண்களில் இது 42 சதவீதம். பெண்களில் 57 சதவீதம். வீட்டு வேலை ஓயாத பெண்ணுக்குத் தனியே நடக்க நேரமும் இடமும் கிடைப்பதில்லை என்பதை இவ்விடைவெளி ஓரளவு காட்டுகிறது எனலாம்.

நடக்கும்போது உடலில் நிகழ்வது யாது? இயங்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினை எதிர்பாராமலே ஈர்த்துக்கொள்கிறது. உணவுக்குப் பிந்திய சிறு நடை இரத்தச் சர்க்கரையின் ஏற்றத்தைத் தணிப்பது இதனால்தான். கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரியும்தோறும் காலில் தங்கும் இரத்தம் இருதயத்தை நோக்கி உந்தப்படுகிறது. நாளடைவில் இரத்த அழுத்தம் சிறிது குறைகிறது. உறக்கமும் மனநிலையும் சீர்படுகின்றன. உடல் எடை மட்டும் நடையால் விரைந்து குறைவதில்லை. அதனை எதிர்பார்த்து ஒரு மாதத்தில் மனந்தளர்ந்து நிறுத்திவிடுவோர் பலர்.

சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு இங்கே குறிப்பிடத்தக்கது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் நான்கு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் மூன்றாண்டுகளில் 55 சதவீதத்தினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவு மாற்றத்துடன் அன்றாடம் அரைமணி நேரம் விரைந்து நடப்பது போன்ற வழக்கத்தைக் கைக்கொண்டோரில் இது 39.3 சதவீதமாக இருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்றோரிடம் இது 40.5 சதவீதம், இரண்டையும் ஒருசேரப் பெற்றோரிடமும் கூடுதல் பயன் காணப்படவில்லை. உணவும் நடையும் சேர்ந்தே அளிக்கப்பட்டமையால் பயன் முழுவதையும் நடையின் கணக்கில் வரவு வைக்க இயலாது. எனினும், மாத்திரைக்கு நிகரான பலனை வாழ்க்கை முறை அளித்தது என்பது சிறிய செய்தியன்று.

எவ்வளவு நடக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. பேச முடியும், பாட முடியாது என்னும் வேகமே மிதமான வேகம். ஒரே மூச்சில் நடக்க வேண்டுவதில்லை. துண்டு துண்டான நடையும் கணக்கில் சேரும். நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடிகள் என்ற புகழ்பெற்ற இலக்கு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியளக்கும் கருவியின் பெயரிலிருந்து பரவியதேயன்றி, மருத்துவ ஆய்வின் முடிவன்று. முதிய அமெரிக்கப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 4,400 அடிகளிலேயே இறப்பு விகிதம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. நடையின்போது மார்பில் வலியோ இறுக்கமோ தோன்றினால் உடனே நின்று மருத்துவரை நாட வேண்டும். நீரிழிவினால் பாத உணர்ச்சி குன்றியோர் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. குளிர்காலத்தில் தில்லி போன்ற நகரங்களில் விடியற்காலைக் காற்றில் மாசு தேங்கி நிற்பதால், அங்கே வெயிலேறிய பின் நடப்பதே மேல்.

பொருளாதார நோக்கில் பார்த்தால், நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலுத்தும் பங்கு 2021-22-இல் 39.4 சதவீதமாக இருந்தது. ஆயுள் முழுதும் மருந்து வேண்டும் நோய்களே ஏழைக் குடும்பத்தின் சேமிப்பை அரிப்பவை. நடைக்குக் கட்டணமில்லை, ஆனால் அதற்கு இடம் வேண்டும். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேளாண்மையும் வீட்டுத் தொழிலும் சாராத தொழிலாளரில் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் பணியிடத்திற்கு நடந்தே சென்றனர். இவர்களுக்கு நடை பயிற்சியன்று, பிழைப்பு. 2022-இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். மருத்துவர் நடக்கச் சொல்கிறார். சாலையோ நடப்பவரைக் கொல்கிறது.

விதிகளுக்குக் குறைவில்லை. 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளுக்கன்றி மக்களுக்கே முதலிடம் என்றது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் வேண்டும் என வரையறுத்துள்ளது. சென்னை மாநகராட்சி 2014-இலும், பூனா மாநகராட்சி 2016-இலும் நடப்போருக்கான கொள்கைகளை ஏற்றன. 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியது. குறை செயலாக்கத்தில் உள்ளது. நடைபாதை பெரும்பாலும் சாலை அமைத்தபின் மிஞ்சிய இடத்தில் போடப்படுகிறது. அதன்மீது மின்மாற்றிப் பெட்டி, குப்பைத் தொட்டி, நிறுத்திவைத்த இருசக்கர வண்டிகள் என ஒவ்வொன்றாகக் குடியேறுகின்றன. ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் அது இறங்கி ஏறுவதால், மூட்டுவலியுள்ள முதியவர் அதைத் தவிர்த்து வண்டிப் பாதையிலேயே நடக்கிறார். நகராட்சிப் பொறியாளர் புதிய சாலைக்கு மதிப்பீடு தயாரிக்கும்போதே அகலமும் உயரமும் சீரான நடைபாதைக்குத் தனித் தலைப்பில் தொகை ஒதுக்குவாராயின், அத்தொகையின் ஒரு பகுதி சுகாதாரச் செலவாகவே கருதத்தக்கது.